யாருக்கோ பாடியதைக் கேட்டவர்கள்

ராஜபாளையம் சத்தத்தோடு வளர்ந்த ஊர். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் வந்தது. அதன்பின் ஊரைச் சுற்றி ஒவ்வொன்றாக நூற்பாலைகள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். எங்கள் அப்பா ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் என்ற நூற்கும் மெஷினைப் பார்த்தார். பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறும். இரைச்சல் மட்டும் மாறாது. ரிங் பிரேம் ஓடும் இடத்தில் சத்தம் 90 டெசிபலை ஒட்டி நிற்கும். அதற்குள்ளேயே நாள் முழுக்க நிற்பவர்கள் பேசுவதை விட்டுவிட்டுச் சைகைக்குப் போய்விடுவார்கள். ஒரு விரலைச் சுழற்றினால் ஒரு செய்தி, கையைத் தட்டையாக வைத்தால் இன்னொன்று. வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா மில்லுக்குள் நிற்பவர் மாதிரியே உரக்கப் பேசுவார். கோபமாகப் பேசுகிறார் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். காது போய்க்கொண்டிருந்தது என்பது எங்களுக்கே பிறகுதான் புரிந்தது.

சித்தப்பா பஞ்சு மார்க்கெட் பக்கம் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் சாட்டு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்கள்தான். வேப்பமரத்துக் கிளையில் குழாயைக் கட்டிவிட்டு, தெருவின் கடைசிவரை நடந்துபோய் நின்று கேட்டுவிட்டு வருவார். வார்த்தை தெளியாமல் வெறும் இரைச்சலாக வந்தால் திரும்பவும் மரத்தில் ஏறி, குழாயை இரண்டு விரற்கடை திருப்பி வைப்பார். சத்தத்தை விற்றுப் பிழைத்த அவரைப்போலச் சத்தத்தைக் காதால் அளந்தவரை நான் பார்த்ததில்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் 1995-இல் ஒரு கேசட் வந்து சேர்ந்தது. சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘எம்டிவி அன்பிளக்டு இன் நியூயார்க்’. அண்ணனுக்கும் அவனுடைய கூட்டாளிகளுக்கும் ஏற்கெனவே அந்தக் குழுவின் 1991-ஆம் வருட ‘நெவர்மைண்ட்’ மனப்பாடம். கிடாரைக் கதறவிட்டு, ட்ரம்ஸை உடைக்கிற மாதிரி அடித்து, தொண்டை கிழியப் பாடும் பாட்டுகள். கர்ட் கோபேன் என்ற அந்தப் பாடகர் 1994 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 27. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1993 நவம்பர் 18-ஆம் தேதி, நியூயார்க்கில் ஒரு ஸ்டூடியோவில் சிறிய கூட்டத்தின் முன்னால் பாடியதுதான் இந்தக் கேசட்.

அந்த மேடையைப் பற்றி நான் பிற்பாடு தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கோபேன் லில்லிப் பூக்களும் கறுப்பு மெழுகுவத்திகளும் கேட்டார். சாவு வீடு மாதிரியா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அலெக்ஸ் கொலெட்டி கேட்டதற்கு, ஆமாம் என்றார். பெரிய நட்சத்திரங்களைக் கூட அழைத்து வருவார் என்று தொலைக்காட்சிக்காரர்கள் எதிர்பார்த்திருக்க, அவர் மீட் பப்பெட்ஸ் என்ற அதிகம் பேருக்குத் தெரியாத குழுவின் அண்ணன் தம்பியைக் கூட்டிவந்தார். உலகமே கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மிகப் பெரிய பாட்டை அன்று பாடவே இல்லை. ட்ரம்ஸ் வாசிக்கும் டேவ் குரோலுக்குக் குச்சிகளோடு பிரஷ்களும் கொடுக்கப்பட்டன, சத்தம் அடங்கட்டும் என்று. பதினான்கு பாட்டுகளில் ஐந்தாவது ‘பென்னிராயல் டீ’. அதை மட்டும் தோழர்கள் யாரும் வாசிக்காமல், ஒரு கிடாரை வைத்துக்கொண்டு கோபேன் தனியாகப் பாடினார். நான் சொல்ல வந்தது அந்த ஒரு பாட்டைப் பற்றி; அதைவிட, அதைக் கேட்ட எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி.

முதலில் கேட்டவர்கள் அண்ணனின் கூட்டாளிகள். மச்சில் பாய் விரித்து, நடுவில் டேப்ரெக்கார்டரை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றேன். முதல் நான்கு பாட்டுக்குக் கொஞ்சம் தலையாட்டினார்கள். ஐந்தாவது வந்ததும் ஒருவன், “டேப் ஸ்லோவா ஓடுதுடா, பேட்டரி இறங்கிருச்சு” என்றான். கரண்டில் ஓடுகிறது என்று அண்ணன் காட்டினான். இன்னொருவன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைக்கச் சொன்னான். துடைத்துவிட்டுப் போட்டார்கள். அப்படியேதான் இருந்தது. “எல்லாம் எங்கடா போனானுங்க?” என்றான் மூன்றாமவன். அவன் கேட்டது ட்ரம்ஸை, பாஸ் கிடாரை. அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை; முகத்தில் நிஜமாகவே கலக்கம். தனக்குத் தெரிந்த ஆள் உடம்பு இளைத்து வந்து நிற்பதைப் பார்த்தவனுடைய முகம். பாட்டு முடிவதற்குள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பிடிக்காமல் போனார்களா, தாங்காமல் போனார்களா என்று அப்போது பிரித்துப் பார்க்க எனக்கு வயதில்லை. இன்று நினைத்தால், தாங்காமல்தான் என்று தோன்றுகிறது. இறந்துபோனவனின் குரல் அது. கூட்டமும் தாளமும் இருந்தால் அதை மறந்திருக்கலாம். அந்த ஒரு பாட்டில் மறக்க வழியே இல்லை.

அம்மா கீழே அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இங்கிலீஷ் தெரியாது. யார் பாடுகிறார், இருக்கிறாரா இல்லையா எதுவும் தெரியாது. அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அண்ணனிடம் கேட்டாள்: “ஒரு பாட்டு ஒத்தையா பாடுனானே, அவன் யாருக்குப்பா பாடுறான்?”

அண்ணன், “கூட்டத்துக்குத்தான் சித்தி, கைதட்டுறது கேக்கலையா?” என்றான்.

“கைதட்டுறாக. ஆனா அவன் அவுகளுக்குப் பாடலையே.”

இந்தப் பேச்சு என் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பாட்டுக் கேட்பதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியதைப் பிறகு படித்திருக்கிறேன். அம்மா கேட்ட கேள்வி அளவுக்கு எதுவும் என்னைத் துரத்தவில்லை.

சித்தப்பாவுக்குக் கேசட்டைக் கடையில் வைத்து நான்தான் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடித்தவர்கள் டி.எம்.எஸ்., சீர்காழி. தூரத்து வயலில் நிற்பவனுக்கும் சொல் பிசகாமல் போய்ச் சேரும் குரல்கள். குழாய்க்கென்றே பிறந்த குரல் என்று சீர்காழியைச் சொல்வார். அப்படிப்பட்டவர் இந்த முணுமுணுப்பைக் கேட்டு என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் ரீவைண்ட் பண்ணி மறுபடி போடச் சொன்னார்.

“பாட்டு தொடங்குறதுக்கு முந்தி மூச்சு வாங்குறான் பாரு. மைக்குக்கு நாலு விரக்கடைதான் இருக்கும். நம்ம ஆளுங்க இப்படி நின்னா ‘டப்பு டப்பு’ன்னு காத்து அடிக்கும். இவன் அடிக்க விடல.” பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “கூடத்துல எத்தன பேரு இருக்கான்னு தெரியல. ஆனா ஒருத்தன்கூட இருமல பாப்பா. அது பெரிய விஷயம்” என்றார்.

கேசட்டில் பாட்டைக் கேட்பவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தையும் சேர்த்துக் கேட்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஒவ்வொரு திருவிழாவிலும் மேடைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காது அது. மெல்லிசைக் கச்சேரிகளில் பாடகர் எக்கோ வைக்கச் சொல்லிக் கேட்பார், கைதட்டச் சொல்லிக் கேட்பார், ஒன்ஸ்மோர் வாங்கும் பாட்டை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணுவார். அதையெல்லாம் நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்தக் கச்சேரிகளில் மண்ணில் உட்கார்ந்து வாய் பிளந்து கேட்டவள் நான். ஆனால் அங்கே எப்போது சிரிக்க வேண்டும், எப்போது உருக வேண்டும் என்பதை மேடையே சொல்லிவிடும். இந்தப் பாட்டு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் ஒருவன் பேட்டரியைப் பார்த்தான், ஒருத்தி யாருக்கு என்றாள், ஒருவர் மூச்சைப் பிடித்தார்.

அப்பாவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. டேப்பில் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினோம். பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தார். “பாட்டு ஓடுதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இரைச்சலில் கெடும் காதுக்கு முதலில் போவது உயர்ந்த சுருதிகள், 4000 ஹெர்ட்ஸை ஒட்டியவை. மணியோசை, குருவிச் சத்தம், பேச்சில் ச, க, த போன்ற மெய்கள் தேயும். தடித்த ஓசைகள் மிஞ்சும். ட்ரம்ஸும் பாஸும் இருக்கும் பாட்டென்றால் அவருக்கு உடம்பில் தட்டும், காலால் தாளம் போடுவார். தனிக்குரலும் ஒரு கம்பி வாத்தியமும் அவரை அப்படியே வெளியில் நிறுத்திவிட்டன. சத்தம் குறைந்த இசைதான் உயர்ந்தது என்று பேசுபவர்களோடு என்னால் முழுக்கச் சேர முடியாமல் போனது அன்றிலிருந்துதான். மௌனத்தை ரசிக்கக் காது நன்றாக இருக்க வேண்டும். மில்லில் நின்றவருக்கு அந்த வசதி கிடையாது.

அந்த வருடமே மார்கழியில் சித்தப்பாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவுக்குத் திருப்பாவை போடும் வேலை. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. விடியக்காலம் குழாயில் போட்டு முடித்த பிறகு பகலில் சும்மா இருந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அன்று அரை நைட், பகல் ஓய்வு. எல்லாரும் கோயிலுக்குப் போனோம். வைகுண்ட ஏகாதசிக்கு முந்திய பகல் பத்து நாட்கள் அவை. பெரியாழ்வார் வம்சத்து வேதபிரான் பட்டர் வீட்டில் ஆண்டாளுக்குக் காய்கறிகளைப் பரப்பிவைக்கும் ‘பச்சை பரப்புதல்’ முடிந்து, பெரிய பெருமாள் சந்நிதியின் கோபால விலாச மண்டபத்தில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. அங்கேதான் நான் முதன்முதலாக அரையர் சேவையைப் பார்த்தேன்.

ஆழ்வார்களின் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்துப் பண் அமைத்த நாதமுனிகள், தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்றுக்கொடுத்ததில் தொடங்குவதாக வைணவ மரபு சொல்லும் கலை இது. தமிழ்நாட்டில் இன்று ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களில் சில குடும்பங்களிடம் மட்டும் இருக்கிறது. அரையர் தலையில் கூம்பு வடிவக் குல்லாய், காதை மூடும் மடல்களோடு. கழுத்தில் மாலை. கையில் ஒரு ஜோடித் தாளம். மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, சுருதிப்பெட்டி இல்லை. அன்று அந்த மண்டபத்தில் மைக்கும் இல்லை. சித்தப்பா உள்ளே நுழைந்ததும் தூணையும் விட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும் என்று தேடி, எங்களை நகர்த்தி நிறுத்தினார்.

அரையர் எங்களைப் பார்க்கவில்லை. அவர் முகம் பெருமாளுக்கும் ஆண்டாளுக்கும் நேராக இருந்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். அம்மா என் தோளைத் தொட்டாள். அவள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேசட்டுக் கேள்விக்கு இங்கே விடை கண்கூடாக நின்றது. இந்தப் பாட்டு யாருக்கு என்பதில் சந்தேகமே இல்லை. நாங்கள் பக்கத்தில் நின்று காதில் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் எங்கள் பங்கு. அது குறைவான பங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மைக் கவரப் பாடாத ஒருவரைக் கேட்கும்போது ஒரு விடுதலை இருக்கிறது. ரசிக்கிறோம் என்று காட்ட வேண்டியதில்லை. புரியாவிட்டால் கூச வேண்டியதில்லை.

அங்கே கேட்டவர்களும் பலவிதம். குளித்த ஈரம் காயாத ஒரு வயதான அம்மாள் அரையருக்கு அரை நொடி முன்னாலேயே உதட்டால் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டு போனார். இரண்டு பெரியவர்கள் இழுவை ஓரிடத்தில் மாறியதைப் பற்றிக் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குக் குல்லாய்மேல்தான் கண். தளிகை எப்போது வரும் என்று மடைப்பள்ளிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்களும் போகாமல் நின்றார்கள்.

என்னை உலுக்கியது அப்பா. அரையர் ஒரு பாசுரத்தை முதலில் இசையோடு பாடினார். பிறகு அதையே கையாலும் முகத்தாலும் அபிநயித்தார். பிறகு அதன் வியாக்கியானத்தைப் பழைய தமிழில் சொன்னார். ஒரே பாசுரம் மூன்று வழியில் வந்தது. அன்று பெரியாழ்வார் திருமொழி. ஆழ்வார் யசோதையாகிக் கண்ணனைக் குழந்தையாகப் பாடும் பாசுரங்கள். தாளத்தின் ஓசை அப்பாவுக்குப் போயிருக்காது. முதலில் தேய்வது அந்த மாதிரிக் கிணுகிணுப்புதான். சொற்களும் பாதிக்குமேல் போயிருக்காது. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காக மில்லில் கையைப் பார்த்தே சேதி வாங்கியவர் அவர். அரையரின் கை குழந்தையை அழைத்தபோது, அப்பாவின் கையும் இடுப்புக்குப் பக்கத்தில் தானறியாமல் அசைந்தது. வெளியே வந்ததும், எங்கள் யாரையும்விட விவரமாக, எந்த இடத்தில் தாய் கோபிக்கிறாள், எந்த இடத்தில் கெஞ்சுகிறாள் என்று அவர்தான் சொன்னார். உரத்த குரலில், கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி.

ஒற்றை ஆள் பாடும் கலைக்குள் காது கேளாதவருக்கும் இடம் வைத்திருந்த அந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன். முத்துக்குறி என்ற பகுதியில் ஒரே அரையர் தாயாகவும் மகளாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறுவார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கோதை என்ற ஆண்டாள் பாடிய ஊரில், தாயாகவும் மகளாகவும் ஆண்களே பாடுகிறார்கள். அந்தக் குல்லாயை ஒரு பெண் அணிந்து நான் பார்த்ததில்லை. அணிய வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

பின்னால் வேலைக்கென்று சென்னைக்குப் போன பிறகு சுசீலா ராமனைக் கேட்டேன். 1973-இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, கர்நாடக இசையும் கற்று, ராக் குழுவிலும் பாடியவர். 2001-இல் வந்த ‘சால்ட் ரெய்ன்’ தொகுப்பில் தியாகராஜரின் ‘நகுமோமு’வும் டிம் பக்லியின் பாட்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல இருந்தன. ஊருக்கு எடுத்துப்போய்ப் போட்டபோது, எங்கள் தெருவில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீர்த்தனையை இப்படிக் கிடாரில் போட்டு இழுக்கலாமா என்று அவருக்கு வருத்தம். அவருடைய வருத்தமும் அன்பிலிருந்து வந்ததுதான். அம்மாவுக்குப் பிடித்திருந்தது. “இந்தப் பொண்ணு தனக்குன்னு பாடுது” என்றாள். எவனோ கூட்டத்துக்குப் பாடவில்லை, அரையர் பெருமாளுக்குப் பாடுகிறார், இந்தப் பெண் தனக்குப் பாடுகிறாள் என்று அவளுக்குள் ஒரு வரிசையே இருந்திருக்கிறது.

சித்தப்பாவின் தொழிலும் மாறிக்கொண்டே வந்தது. 2000-ஆம் வருடத்து ஒலி மாசு விதிகள் வந்து, இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்றானது. கூம்புக் குழாய்களுக்கும் தடை வந்தது. அவர் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு மாறினார். பழைய குழாய்களைக் கடை மச்சில் அடுக்கி வைத்தார்.

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கியது ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து. முதல் வாரம் ஃபேன் ஓடும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம் எல்லாம் மண்டையில் அடிக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைத்தார். கொஞ்சம் பழகிய பிறகு ஒருநாள் அந்தப் பாட்டைப் போட்டேன், இம்முறை செல்போனில். முழுவதும் கேட்டார்.

“கேக்குதுப்பா?”

“கேக்குது. இவன் பாடுறதவிட, கம்பியில விரலு வழுக்குற சத்தம் பெருசா கேக்குது.” இன்னொரு தரம் போடச் சொன்னார். “வேல செய்யுற கை” என்றார்.

அது என் காதில் அதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை. இப்போது அந்தப் பாட்டில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

2020 ஜூனில் அந்த மேடையில் கோபேன் வாசித்த மார்ட்டின் கிடார், 1959-இல் செய்தது, அறுபது லட்சம் டாலருக்கும் அதிகமாக ஏலம் போனது. ஊரடங்கு நேரம். திருவிழா இல்லை, கல்யாணத்துக்குக் கூட்டமில்லை, சித்தப்பாவின் கடை பூட்டிக் கிடந்தது. செய்தியைப் போனில் வாசித்துக் காட்டினேன். தொகையைக் கேட்டு அவர் அசரவில்லை.

“கிடாருக்கு அவ்வளவுன்னா சரி. அந்த மூச்சப் பிடிச்சது மைக்குல்ல பாப்பா? அத யாரு வச்சிருக்கா?” என்றார். பிறகு, என்ன மைக் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். அதே மாதிரி ஒன்று கிடைத்தால், ஊரடங்கு முடிந்ததும் பாடத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கடையிலேயே உட்காரவைத்து, நாலு விரற்கடையில் பாடச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்படி ஒரு பிள்ளையை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார்.